நாலாவது பூ

அக்கா! உன் தலையணை உறையைத் துவைத்துவிட்டேன். ஊருக்கே தெரியும். இருந்தாலும் நீ என் வாயால் கேள்.

அக்கா தன் நிக்காஹுக்காகத் தைத்த உறை அது. மூலைக்கொரு ரோஜா. மூன்றை முடித்துவிட்டாள், நாலாவதற்கு, ஊசி போக வேண்டிய நீலக்கோடு மட்டும்தான் எடுத்திருந்தாள். அதற்குள் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது.

எங்கள் ஊர் கம்பத்துப் பெண்கள் போட்ட பூவேலைகளைச் சேர்த்து வைக்க, பள்ளிக்கூடத்துப் பழைய அறை ஒன்றில் சின்னதாய் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட தையல் டீச்சர், பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

“முடிச்ச துணி நெறைய வந்திருச்சு தம்பி. கோடு தெரியிற துணி ஒண்ணுகூட இல்ல. எப்படிப் போட்டாகன்னு பிள்ளைகளுக்குத் தெரிய வேணாமா? ஒங்கக்கா துணியக் கொண்டாய்யா.”

அக்காவின் பெட்டியைத் திறந்தேன். உறையில் மண்ணெண்ணெய் நாற்றம். ஊரே வந்து பார்க்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா துணி நாறலாமா? திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன் மூளை வேலை செய்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டு, கஞ்சியும் போட்டுக் கொடியில் காயவைத்தேன்.

அம்மா பார்த்தாள்.

“ஏலே, நீலப்பொடிய மண்ணெண்ணெயில கொழச்சுத்தானடா கோடு எடுக்குறது! தச்சு முடிச்சுத் தொவச்சாப் போயிரணும்னுதான அதப் போடுறது! மொத்தத்தையும் கழுவிட்டியேடா!”

நாலாவது மூலை வெள்ளைவெளேரென்று காற்றில் ஆடியது. அக்கா கை கடைசியாகப் பட்ட இடம்.

அழுதால் கோடு வருமா? ஊசியை எடுத்தேன். மூன்று நாள். துணியில் குத்தியதைவிட விரலில் குத்தியது அதிகம். ரோஜா முட்டைக்கோஸாக வந்தது.

டீச்சர் துணியைத் திருப்பி, பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். மூன்று மூலையில் முடிச்சே தெரியவில்லை. நாலாவதில் சிலந்தி குடும்பம் நடத்தியிருந்தது.

“இது யாரு போட்டது?”

“அக்காதான் டீச்சர்.”

“எம் மொகத்தப் பாத்துச் சொல்லு.”

சொல்லிவிட்டேன். மூக்கும் ஒழுகியது.

“பிரிச்சிறட்டுமா டீச்சர்?”

“பிரிச்சா ஓட்டதான் மிஞ்சும். இருக்கட்டும்யா.”

அட்டையில் எழுதி வைத்தார்: ‘மூன்று பூக்கள் அக்கா போட்டவை. நான்காவது, கோட்டைத் துவைத்துவிட்ட தம்பி போட்டது.’ எட்டாவதோடு நின்ற என்னைப் பற்றி யாரும் எழுதிவைத்த ஒரே வரி அதுதான். தப்பில்லாமல் எழுதியிருக்கிறார்.

அங்கே போகிறவர்கள் முட்டைக்கோஸைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் மற்ற மூன்றையும் கொஞ்ச நேரம் பாருங்கள். பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் என் அக்காவுக்காக ஒரு துஆ செய்யுங்கள்.