தச்சரும் இறுகிய கதவும்

தப்பான மருந்து நோயைக் கொஞ்சம் குறைத்துவிட்டால், அதைத் தப்பு என்று யார் சொல்வது? தச்சர் தம் பட்டறைக் கதவை மறுபடியும் கழற்றி, மேசைமேல் கிடத்தி, விளிம்பில் இழைப்புளியை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

மரத்தைத் தொடுமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். சாப்பிடுமுன் அது நினைவிருக்காது. ஆணி கோணினால் "என்னடா உனக்கு இப்ப?" என்று ஆணியையே கேட்பார். கெட்டிக்காரர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பிடிவாதக்காரர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அவருடன் பட்டறையில் இருப்பவர் அவருடைய அக்கா. உப்புத்தாள் தேய்ப்பதும் மெருகு பூசுவதும் அவர் பங்கு. இருமல் விடாமல் பிடித்துக்கொண்டபோது, தூசியை நிறுத்துங்கள், இல்லையென்றால் வேலையை நிறுத்துங்கள் என்றார் மருத்துவர்.

"என்னை வீட்ல உக்கார வெச்சீங்க, உங்க யாரையும் உக்கார விடமாட்டேன்" என்றார் அக்கா.

அதனால்தான் மூலையில் நின்ற தூசி உறிஞ்சும் மெஷினைத் தச்சர் வெளியே கொண்டுபோனார். பின்சுவரில் துளையிட்டுக் குழாயை விட்டார். மெஷினுக்கு மேலே ஒரு தகரக் கூரை. மெஷினின் பையிலிருந்து கசிந்த நுண்தூசி சன்னல் வழியே திரும்பி வந்தது. சன்னல்களையெல்லாம் அடைத்தார். இருமல் குறைந்தது. கதவு இறுகிக்கொண்டது.

வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது. தோளால் முட்டினாலும் அசையாது. மெஷின் சத்தத்தில் குரல் எடுபடாது என்று சுவிட்சை அணைத்துவிட்டு அக்காவைக் கூப்பிடுவார். அவர் வந்து ஒரு விரலால் தள்ளுவார். திறந்துகொள்ளும்.

"எப்படிக்கா?"

"அதுக்கு ஆள் தெரியுதுடா."

மரம் ஈரத்தில் உப்பிவிட்டது என்று முடிவுகட்டி இழைத்தார். மாட்டிப் பார்க்கும்போது சுகமாகத் திறக்கும். வேலை தொடங்கியதும் இறுகும், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. அந்தக் 'கொஞ்சம்'தான் அவரைக் கெடுத்தது. கதவோரம் ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்து, அதில் காற்று சீட்டியடித்தது. வீட்டுக்குக் கதவு செய்யச் சொல்ல வந்த ஒருவர் அதைப் பார்த்து, "உங்க கதவே இந்த லட்சணமா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒருநாள் மெஷின் ஓடும்போது அக்காவே கதவைத் தள்ளினார். அசையவில்லை. சுவிட்சை அணைத்தார், திறந்தது. போட்டார், இறுகியது. மறுபடி அணைத்தார்.

"டேய், இங்க வா. மெஷின் உள்ள இருந்தப்ப இழுத்த காத்தை இங்கேயே விட்டுச்சு. இப்ப வெளிய கொண்டுபோய்க் கொட்டுது. நீ எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்க. வெளிக்காத்து கதவைத்தான் அமுக்கும்."

தச்சர் கதவையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மரத்து மேல தப்பே இல்லையா?"

"இல்ல. போய் மன்னிப்புக் கேளு. கேட்டுட்டு, மெஷினுக்கு எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்துவிட்டு, அந்தக் கதவோரச் சந்தை அடைச்சிடு. இன்னொருத்தன் வந்து சிரிக்கறதுக்குள்ள."

தச்சர் மெல்லிய ரீப்பர்ச் சட்டம் ஒன்றை இழைத்தெடுத்தார். இடைவெளியில் வைத்துப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. எடுத்தார். சந்தில் காற்று நுழையும் வழியில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் போகாமல், அக்கா உப்புத்தாள் தேய்க்கும் மேசையை இழுத்துவந்து கதவோரம் போட்டார். தரை மட்டமில்லாததால் மேசை ஆடியது. ரீப்பரில் ஒரு துண்டை ஒடித்து அதன் காலடியில் செருகினார்.

"ஏன்டா, சன்னலைத் திறந்தா தீர்ந்துச்சே?"

தச்சர் மெஷினைப் போட்டார். சந்தில் சீட்டியடித்து நுழைந்த காற்று, மேசைமேல் கிடந்த தூசியை அக்காவிடமிருந்து விலக்கிக் குழாய்ப் பக்கம் கொண்டுபோனது.