கடைமடைக்கு வந்த தண்ணீர்

தஞ்சாவூரில் எங்கள் தேவாலயத்துச் சிறிய ஆர்க்கெஸ்ட்ராவில் நான் இரண்டாம் வயலின். எங்களுக்கென்றே எழுதப்பட்ட ஓர் இசைக்கோவையை முதன்முறையாக அந்த ஆண்டு வாசித்தோம். எழுதியவர், சென்னையில் மேற்கத்திய இசை பயின்று திரும்பி எங்களை நடத்திவந்த அக்கா. கோடை, புதுத்தண்ணீர், அடைமழை, அறுவடை என நம் பருவங்களையே நான்கு பகுதிகளாக அமைத்திருந்தார்.

புதுத்தண்ணீர் மட்டும் எனக்கு உறுத்தியது. தொடங்கியது முதல் முடியும்வரை டிரம்பெட்டும் டிம்பனி முரசுகளும் முழங்கின. அக்காவின் வீடு கல்லணைக்குப் பக்கம். மதகு திறந்தால் அங்கே நீர் அப்படித்தான் பாயும். எங்கள் வயல் கீழ்வேளூருக்கு அப்பால், பாசனம் முடியும் கடைமடையில். அங்கே அது பல நாள் கழித்து, ஓசையின்றி வரும். காய்ந்த வாய்க்காலில் முதலில் சருகுகள் அசையும்; அவற்றின் பின்னே மெல்லிய நுரைக்கோடு. தரையின் வெடிப்புகளில் இறங்கி நிற்கும், பிறகு நகரும்.

ஒத்திகையில் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் நிகழ்ச்சிக்கு அப்பா வருவதாக இருந்தார். புதுத்தண்ணீர் என்ற பெயரில் அவர் அறியாத ஒன்றை அவர் முன் வாசிக்க எனக்கு மனமில்லை.

"அக்கா, இது உங்க ஊர்த் தண்ணி. எங்க ஊருக்கு வர்றப்ப சத்தமே இருக்காது."

டிம்பனி வாசிக்கும் அண்ணன், "அப்ப நான் வீட்டுக்குக் கெளம்பவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, வாசித்துக் காட்டச் சொன்னார்.

ஒரே சுரத்தில் வில்லைப் பட்டும் படாமலும் இழுத்தேன், நிறுத்தினேன், மீண்டும் இழுத்தேன்.

"நடுவுல ஏன் நிக்கிற?"

"வெடிப்பு நெறையணும்க்கா. நெறஞ்சாத்தான் நகரும்."

அக்கா சற்று யோசித்தார். முழக்கத்தை நீக்க முடியாது, அதுவும் மெய்தான் என்றார். "அது அடங்குற எடத்துல நீ வா. கடைசி வரைக்கும் நீ மட்டும் வாசி."

நிகழ்ச்சியில் டிம்பனி அடங்கியதும் நான் தொடங்கினேன். முன்வரிசையில் அப்பா தலையைக் கவிழ்த்து, வாய்க்கால் கரையில் நின்று பார்ப்பதுபோல், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது, "நம்ம வாய்க்காலுதான் பாப்பா. ஆனா இவ்வளவு சீக்கிரமா ஒரு வருசமும் வந்ததில்ல" என்றார்.

அடுத்த முறை வாசித்தபோது அந்த நிறுத்தங்களை நீட்டினேன். அக்கா உயர்த்திய கையை இறக்காமல் காத்திருந்தார்.