அடுப்புக் கல்லாக இருந்த குண்டு

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தவளக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பத்துப் பழைய இரும்புக் கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். சாக்கில், புதரில் கிடைத்த வால் வைத்த இரும்பு ஒன்று. அதன் ஜோடி, முந்தின நாள் எனக்குக் கஞ்சி ஊற்றிய தவளக்குப்பத்துக் கன்னியம்மாளின் அடுப்பில் மூன்றாம் கல்லாக இருந்தது. நான்தான் வைத்துக் கொடுத்தேன்.

கடைக்காரர் யுத்த காலத்தில் விமான தளத்தில் வேலை பார்த்தவர். நான் இரும்பை வெளியே எடுத்ததும் கத்தினார்.

"யோவ், மெதுவா கீழ வையி! மேலேருந்து குறிபார்த்துப் போடப் பழகுற குண்டுய்யா இது. உள்ள மருந்து இருக்கும்."

வந்த வழியே ஓடினேன். கன்னியம்மாள் உலை வைத்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழிக்கப் போனாள். தட்டிவிட்டேன்.

"பேய் புடிச்சிருக்காய்யா ஒனக்கு?" என்றாள்.

இரண்டையும் போலீஸ் எடுத்துப் போனது. முந்தின நாள் அடுப்பிலிருந்த குண்டின்மேல் கஞ்சி கொதித்தும் ஏன் வெடிக்கவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் பெயர் தெரியாத இரும்பை நான் தொடுவதில்லை.

போலீஸ் வந்துபோன மறுநாள் காலையே இரும்பு பொறுக்குவதை விட்டுச் செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தேன். கூலிக்கு முன்னால், கன்னியம்மாளின் அடுப்புக்கு மூன்று செங்கல் கேட்டு வாங்கினேன்.