மாமியின் இடது தோள்

துரத்தினார்களாம். பூமாவைக் கேமரா கிளப்பிலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்களாம். வடக்கு உத்திர வீதியில் பால் வாங்க நிற்கிறவர்கள் ஒரு மாதமாக இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள். கழுத்தைப் பிடித்தது யார், நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டால், "ரங்கநாயகி மாமியே சொன்னாளே, அவ அங்கதானே இருந்தா" என்பார்கள்.

இருந்தாள், யார் இல்லை என்றது? முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, கையில் பூச்செண்டோடு இருந்தாள். அங்கே இருந்து என்ன செய்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அதை மட்டும் மாமி விழுங்கிவிட்டாள்.

"அம்பத்துமூணு வயசுல ஆம்பளைகளோட கேமராவைத் தூக்கிண்டு அலைஞ்சா அப்படித்தான்" என்று இன்னொரு பேச்சு. படம் எடுப்பது பூமாவுக்கு நேற்று முளைத்த ஆசை இல்லை. இந்தப் பேச்சுப் பேசுகிறவர்களில் பாதிப் பேருடைய எலும்பைப் படம் எடுத்துக் கொடுத்தவள் அவள்.

லால்குடியில் பிறந்தவள். எக்ஸ்ரே எடுக்கிற படிப்புப் படித்து, கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்து, ஆற்றைத் தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தாள். எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் ஈயத்தில் செய்த இரண்டு சின்ன வில்லைகள் இருக்கும். ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு. எந்தப் பக்கம் படம் எடுக்கிறார்களோ அந்த வில்லையைப் பக்கத்தில் வைத்தால் அதுவும் படத்தில் விழும். சின்ன வேலைதான். ஆனால் பூமா சேர்ந்த முதல் வருஷம், யாரோ அவசரத்தில் வில்லை வைக்காமல் எடுத்த படத்தைப் பெரிய டாக்டர் விளக்குப் பெட்டியில் திருப்பி மாட்டிவிட்டார். எடமலைப்பட்டி புதூர் கொத்தனார் ஒருவருக்கு வலது சிறுநீரகத்தில் கல். இடது பக்கத்தைக் கிழிக்கத் தயாராகிவிட்டார்கள். இருபத்துமூன்று வயசுப் பெண் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் போய் நின்று, "சார், அந்தப் பக்கம் இல்லை" என்றாள். டாக்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டிவிட்டுப் போய்ப் பார்த்தார். வலது பக்கத்தைத்தான் கிழித்தார்.

அந்த நாளிலிருந்து இடது வலது விஷயத்தில் பூமாவிடம் யாரும் விளையாட முடியாது. தோசையைத் திருப்பலாம், துணியைத் திருப்பலாம், படத்தைத் திருப்பக்கூடாது. இது புரிவதற்கு எழுதப் படிக்கக்கூடத் தெரிய வேண்டாம்.

பொன்மலையில் வேலை பார்த்த புருஷன் ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். மகள் பெங்களூரில். லீவு நாட்களில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல் பூமா ஒரு கேமரா வாங்கினாள். கன்டோன்மென்ட்டில் மாடி ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற கேமரா கிளப்பில் சேர்ந்தாள். இருபது பேருக்கு மேல் ஆண்கள். பெண்கள் இரண்டே பேர், பூமாவும் உறையூரில் டியூஷன் எடுக்கிற வஹீதாவும்.

தலைவர் பிலோமின்ராஜ், கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். ஒருவரும் ஏற்றுக்கொள்ளாத வேலையை அவள் தலையில் கட்டினார்: போட்டிக்கு வருகிற படங்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. ஆங்கிலத்தில் கிடந்த விதிகளைப் பூமா தமிழில் எழுதி ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் எழுந்து நின்று வாசிப்பாள். ஒருவருக்கு மூன்று படம். அவரே எடுத்ததாக இருக்க வேண்டும். முன்பக்கத்தில் பெயர் கூடாது, எண் மட்டும்தான். கேட்டால் கேமராவில் விழுந்த மூலப் படத்தைக் காட்ட வேண்டும். ஏழாவது விதியை மட்டும் இரண்டு தரம் வாசிப்பாள். ஒரு தரம் பரிசு வாங்கின படம் மறுபடி வரக்கூடாது. கலரை மாற்றினாலும், ஓரத்தை வெட்டினாலும், இடம் வலமாகத் திருப்பினாலும் அது பழைய படம்தான்.

ஒரு தரம் தலைவரே பத்து நிமிஷம் தாமதமாகப் படம் கொண்டுவந்தார். "நேரம் முடிஞ்சுபோச்சுங்க சார்" என்று அவரையே திருப்பி அனுப்பினாள். அவர் சிரித்துக்கொண்டே படத்தை மறுபடி உறையில் போட்டார். தான் போட்டி போடுகிற மாதத்தில் அடுத்தவர் உறையைக் கையால் தொட மாட்டாள். அது ஃபைலில் இல்லாத விதி, அவளாகப் போட்டுக்கொண்டது.

அதுதான் வினையாகப் போயிற்று. வருஷப் போட்டி வந்தது. முதல் பரிசுப் படம் திருச்சியின் பெயரில் சென்னைக் கண்காட்சிக்குப் போகும். பூமாவும் ஒரு படம் கொடுத்தாள். ஜீயபுரத்தில் விடியற்காலை லாரியில் வாழைத்தார் ஏற்றுகிற ஒரு பெண்ணின் பிடரியும் தோளும், தோள் துணி முழுக்க வாழைக்கறை. அதனால் வழக்கம்போல ஃபைலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டது உபதலைவர் ஜகன்னாத். ஸ்ரீரங்கத்துப் பையன்தான், நாற்பது வயசு, பெரிய கேமரா, அதைவிடப் பெரிய பேச்சு. கிளப் கூடுகிற ஹாலே அவன் மச்சானுடையது.

பரிசு நாளன்று மதுரையிலிருந்து வந்த நடுவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். முதல் பரிசு ஜகன்னாத். இரண்டாவது பூமா. கைதட்டல் அடங்கின பிறகுதான் பூமா சுவர்ப் பக்கம் போய் அந்த முதல் பரிசுப் படத்தைப் பார்த்தாள்.

கறுப்பு வெள்ளை. அம்மா மண்டபம் படித்துறையில் ரங்கநாயகி மாமி மடிசார் கட்டிக்கொண்டு குனிந்து செம்பில் தண்ணீர் மொள்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாமி, இதே செம்பு, இதே குனிவு, கலரில் முதல் பரிசு வாங்கியிருக்கிறது. அப்போது மாமி இந்தப் பக்கம் பார்த்தாள், இப்போது அந்தப் பக்கம் பார்க்கிறாள், அவ்வளவுதான். பூமாவின் கண் மாமியின் தோளில் போய் நின்றது. தலைப்பு வலது தோளில் கிடந்தது.

மாமி ஐயங்கார். ஐயங்கார் வீட்டுப் பெண்கள் மடிசார் கட்டினால் தலைப்பு இடது தோளில் வரும். வலது தோளில் போடுவது ஐயர் வீட்டு வழக்கம். ஸ்ரீரங்கத்தில் இது குழந்தைக்கும் தெரியும். ஜகன்னாத்தின் அம்மாவே தினம் இடது தோளில்தான் போடுகிறாள். கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பின அவசரத்தில் அவனுக்கு அம்மா ஞாபகம் வரவில்லை.

"சார், இது பழைய படம். திருப்பிப் போட்டிருக்காங்க. ஏழாவது விதி" என்றாள் பூமா.

ஜகன்னாத் சிரித்தான். "மேடம், அன்னைக்கு நான் இருபது படம் எடுத்தேன். இது வேற. யார் திருப்பினா?"

"அப்ப மூலப் படத்தைக் காட்டுங்க."

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு."

"மாமி தலைப்பு வலது தோள்ல இருக்கே. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் மாமி ஐயராத்து மாமி ஆயிட்டாங்களா?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டு, ஜகன்னாத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். "கேமரா கிளப்புல புடவைத் தலைப்பைப் பத்திப் பேசிட்டிருக்கோம்" என்றான் அவன். "ரெண்டாவது வந்தா வயிறு எரியத்தான் செய்யும், மேடம். கப் வேணும்னா நேரா கேளுங்க, தந்துடறேன்."

இதுதான் பூமாவைச் சுட்டது. கப்பு யாருக்கு வேண்டும்? வீட்டில் பருப்பு டப்பா வைக்கவே இடம் இல்லை. முப்பது வருஷம் இடதை இடது என்றும் வலதை வலது என்றும் சொல்லிச் சம்பாதித்த பெயர், இருபது பேருக்கு முன்னால் வயிற்றெரிச்சல் என்று ஆகிவிட்டது.

"சார், என் படத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்கு ரெண்டாவதும் வேண்டாம், முதலும் வேண்டாம். மூணாவது வந்தவருக்குக் கொடுங்க. இந்தப் படம் செல்லாதுன்னு மட்டும் எழுதுங்க" என்று பிலோமின்ராஜிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முன்வரிசைக்கு வந்தாள். படத்தில் இருக்கிறவள் என்று மாமியை ஜகன்னாத் காரில் வைத்துக் கூட்டிவந்திருந்தானே, அவள் எதிரிலேயே இருந்தாள். அன்றைக்கும் மடிசார்தான், அரக்கு நிறம்.

"மாமி, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சித்த எழுந்து நில்லுங்கோ. தலைப்பு எந்தத் தோள்ல இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும்."

மாமி எழுந்திருக்கவில்லை. இடது தோளிலிருந்து தலைப்பை இழுத்தாள். முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து வலது தோளையும் மூடி, முன்னால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் போர்த்திக்கொண்டாள். எந்தத் தோள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"குளிர்றதுடி" என்றாள். சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி. "எனக்கு இந்த போட்டோ விஷயமெல்லாம் என்ன தெரியும்? அந்தப் பிள்ளை என்னை எவ்வளவு அழகா எடுத்திருக்கான். சென்னைக்கெல்லாம் போகப்போறதாம். அதைப் போய்க் கெடுக்கப் பாக்கறியே."

உத்திர வீதியில் நின்று நியாயம் பேசுகிறாளே, அந்த மாமி அன்று செய்தது இதுதான்.

வஹீதா மட்டும் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "சார், மாமி உள்ள வரும்போது இடது தோள்லதான் போட்டிருந்தாங்க. நான் பார்த்தேன்." மற்ற இருபது பேரும் பார்த்தவர்கள்தான். ஒருவர் செல்போனைப் பார்த்தார், ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பிலோமின்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹால் யாருடையது என்று அவருக்கும் தெரியும். "பூமாம்மா, நடுவர் சொன்னதே முடிவுன்னு பன்னெண்டாவது விதி இருக்கே. அவரும் கிளம்பிட்டாரு. இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

"நீங்க பத்து நிமிஷம் லேட்டா வந்தப்ப நான் விடலையே சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பூமா தன்னிடம் இருந்த கிளப் அலமாரிச் சாவியை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து மேஜையில் வைத்தாள். ஜகன்னாத்தின் முன்னால் கிடந்த விதி ஃபைலை எடுத்து, தலைவருக்கு முன்னால் நகர்த்தி, ஏழாவது விதி இருக்கிற பக்கத்தைத் திறந்து வைத்தாள். பிறகு சுவருக்குப் போய்த் தன் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"உட்காருங்கம்மா, டீ வருது" என்றார் பிலோமின்ராஜ். "இப்படிப் போனா ஊர் என்னம்மா பேசும்?"

"எதையாவது பேசும் சார்."

ஒருவரும் அவளைத் தொடவில்லை. ஒருவரும் போ என்று சொல்லவில்லை. வாழைத்தார்க்காரியின் படத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, போர்த்திக்கொண்டிருந்த மாமியைத் தாண்டி, பூமா வாசலுக்கு நடந்தாள். அந்த ஹாலுக்கு ஸ்பிரிங் கதவு. கை இரண்டிலும் படம் இருந்ததால் தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள்.