ஒன்பது விழாத கீபோர்டு

2003 விஜயதசமி நாளின் டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை ஆறே முக்கால். 9 அடித்தால் விழவில்லை. 7 அடித்தால் நிற்கவில்லை. காரணம் நிலக்கரித் தூசி. சந்தேகமில்லை." கடைசிச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடுகள். இரண்டாவது கோடு தாளைக் கிழித்திருக்கிறது.

எனக்குக் கோபம் வர நியாயம் இருந்தது. திருவொற்றியூர்க் குப்பத்தில் கடல் கொண்டுபோன வீடுகளுக்கு மாற்று இடம் தருவதாக ஓர் அலுவலகம் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே அது விழுந்த தேதி இருக்க வேண்டும். தேதி இல்லாவிட்டால் இடம் இல்லை. பட்டியல் டைப் அடித்திருக்க வேண்டும், கையெழுத்துப் பிரதி கூடாது. அந்தத் தேதிகள் உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் இருந்தன: காலடிப்பேட்டையில், என் பீரோவில், என் டைரிகளில். எண்ணூர் தொழிற்சாலை ஒன்றில் ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா நான். வேலைக்குப் போகுமுன் கடற்கரையோரம் நடந்து, முந்தைய நாள் இருந்த எந்தச் சுவர் இன்று இல்லை என்று குறித்து வைப்பது என் வழக்கம். கிறுக்கு என்று சொன்னவர்கள் உண்டு. இப்போது அந்தக் கிறுக்கை நம்பித்தான் குப்பமே இருந்தது.

நல்ல நாளென்று விஜயதசமியன்று டைப் அடிக்க உட்கார்ந்தேன். முதல் வீடே 1997. ஒன்றுக்குப் பிறகு ஒன்பது விழவில்லை. ஏழைத் தொட்டதும் திரை நிறைய ஏழுகள் ஓடின. பட்டியலில் பாதி வீடுகள் தொண்ணூறுகளில் விழுந்தவை. வலது ஓரத்து எண் விசைகளோ இரண்டு மழைக்காலத்துக்கு முன்பே கூரை ஒழுகிச் செத்துவிட்டன. பழைய கோப்பிலிருந்து ஓர் ஒன்பதை நகலெடுத்து, மவுஸால் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். நான்கு வீடுகள் முடிந்தபோது ஏழு தானாகவே அழுந்திக்கொண்டு அவற்றையும் மூழ்கடித்தது.

கம்ப்யூட்டரும் பிரிண்டரும் எங்கள் டைம் ஆபீஸ் கழித்துக் கட்டியவை. கீபோர்டு ஒயரின் முனையில் பெரிய உருண்டை பின். புதிதாக வருபவற்றுக்கெல்லாம் சின்ன பின். நடுவே மாட்ட ஒரு கன்வெர்டர் உண்டாம். கடையில் கேட்டால் சனிக்கிழமை வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்கு மறுநாள்! பிளாப்பியை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனால், என் தமிழ் எழுத்துரு அங்கே கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒரே மொழிக்கு ஊருக்கொரு எழுத்துரு செய்து வைத்தவர்களை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.

புதன்கிழமை மாலை கீபோர்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு தண்டையார்பேட்டை ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், இதும்மேல குந்தி டீ குட்ச்சியா?"

"இது பக்கத்துல நான் தண்ணி டம்ளர்கூட வைக்கமாட்டேன்."

"அப்ப எறும்பு வந்து டீ ஆத்திட்டு போச்சா?"

எனக்குச் சுர்ரென்றது. எண்ணூர்க் காற்றில் வரும் கரித்தூள், ஜன்னல் கம்பியையே தின்னும் உப்பு, சாயங்காலமானால் தொண்டையைக் கரிக்கும் அந்த நெடி, இவற்றைப் பற்றிக் கேட்பாரே இல்லையா என்று கால் மணி நேரம் பேசினேன். அதிகாரிகளுக்கு எழுதிவைத்திருந்த புகார்க் கடிதம்கூடச் சட்டைப்பையில் இருந்தது. அவர் "ஆங், ஆங்" என்றபடி ஸ்க்ரூ டிரைவரால் ஒன்பதை நெம்பினார். அடியில் மஞ்சளாக ஒரு கட்டி. நடுவில் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனார்.

"கமகமன்னு கீது சார். சந்தனம். ஆயுத பூஜைக்கு பொட்டு வெச்சியா?"

கீபோர்டு சுற்றிவந்த செய்தித்தாளை நான் மடித்தேன்.

"வெச்சிட்டு மறுநா ஈரத்துணியால தொட்ச்சிருப்பியே? அத்தினியும் உள்ள எறங்கி சிமிட்டி மாரி செட்டாயி கீது. இந்த வாரம் இது அஞ்சாவது சார். நாங்கூட பூஜ போடறேன், மிஷினு முதுகுலதான் பொட்டு வெப்பேன். மூஞ்சில வெச்சா பேஜாரு."

"அந்த எட்டுக்கு அடியில பாருங்க, கருப்பா இருக்கே, அது கரித்தூள்தானே?"

"அது கீது, சார். ஆனா எட்டு நல்லா வேல செய்துல்ல?"

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து டைரியில் விஜயதசமிக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். ஆயுத பூஜையன்று என் கையெழுத்திலேயே இருந்தது: "கம்ப்யூட்டருக்கு முறைப்படி சந்தனம், குங்குமம். மேல் வரிசையில் இரண்டு பொட்டுகள், நெற்றியில் வைப்பதுபோல. டப்பா மேல வெச்சா போதாதா என்கிறாள் மனைவி. கை தொடும் இடம்தான் ஆயுதம் என்று எடுத்துச் சொன்னேன்." எடுத்துச் சொன்னேனாம். அன்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். இப்போது அவள் எட்டிப் பார்த்து, "இன்னா ஆச்சாம் அதுக்கு?" என்றாள். "சரியாயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு டைப் அடிக்க உட்கார்ந்தேன். அந்தப் புதன் இரவும் வியாழன் மாலையும் ஒன்பதுகள் ஒழுங்காக விழுந்தன. ஒவ்வொன்றும் லேசாக மணத்தது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு, பட்டியலின் முதல் வீட்டுக்காரம்மாவும் என்னோடு வந்தார். காசிமேட்டில் மீன் வாங்கிக் கூடையில் விற்பவர். கடல் வீட்டைக் கொண்டுபோனதிலிருந்து மகள் வீட்டுச் சமையலறையில் படுத்துக்கொண்டிருந்தார். அந்த அலுவலகத்துக் குமாஸ்தா முதல் வரியில் விரலை வைத்து அவரைப் பார்த்தார்.

"வீடு எப்போம்மா போச்சு?"

"கார்த்திக மாசம், அமாவாசைக்கு மறுநா. வெடிகாலைல, வலைக்காரங்க கெளம்பறப்ப."

"தேதி சொல்லும்மா."

"அதான் சார் தேதி. கடலு காலண்டரு பாத்துகினா வருது?"

நான் குறுக்கிட்டு, அந்த வருடக் கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள்தான் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி, 1997-ஆம் வருட டைரியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். குமாஸ்தா இரண்டையும் ஒப்பிட்டார். பிறகு முத்திரையை எடுத்து ஒவ்வொரு தாளிலும் குத்தினார்.

அந்தம்மாவுக்கு எழுத்து தெரியாது. வெளியே வந்ததும் என்னிடமிருந்த நகலை வாங்கி, "என் வூடு எங்க கீது?" என்றார். வரியைக் காட்டினேன். வருடத்தின் நான்கு எண்களையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"இத்தினூண்டு அடிக்கவா நைனா அஞ்சு நாளு?"

"தூசிம்மா. நிலக்கரித் தூசி."

அன்றைய டைரியில் முத்திரை விழுந்த நேரம் இருக்கிறது, நிமிடத்தோடு. இந்தப் பதில் மட்டும் இல்லை.