அழுவதற்கு ஒரு வீடு

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் சில மாதங்கள், கோவில்பட்டியில் எந்தத் தெருவில் துட்டி என்றாலும் நான் போய் உட்கார்ந்து அழுதேன். செத்தவர் யார் என்று பல நேரம் எனக்கே தெரியாது.

அந்தச் சித்திரையில் எனக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்து, பிள்ளை செத்துப் பிறந்தது. பெண் பிள்ளை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. பார்த்தால் மனசு ஒட்டிக்கொள்ளுமாம். மாசமானதிலிருந்தே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. என் கணவர் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். பேர் வைக்காத பிள்ளைக்குத் துட்டி கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது. யாரும் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டார் என் மாமியார்.

"அழாதட்டி. அடுத்த வருசமே ஒண்ணு பெத்துக்கிடலாம்" என்றார்.

கடையில் தீர்ந்துபோன சரக்கைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் யாராவது அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உடம்பைத் தேற்றிக்கொள்ள ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். மனசுக்குப் பத்தியம் சொல்ல ஆளில்லை.

சீக்கிரமே தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனேன். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பேர். குச்சி அடுக்கும்போது கண்ணைத் துடைத்தால், "ஏட்டி, குச்சி நமத்துரும்" என்பாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

அப்போதுதான் பக்கத்துத் தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் இறந்தார். முறைக்காகப் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கை போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கும் இடம் விட்டார்கள். தொண்டை கட்டும்வரை அழுதேன். ஒருத்திகூட அழாதே என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு வயிறாரச் சாப்பிட்டேன். அதன் பிறகு கொட்டுச் சத்தம் எந்தப் பக்கம் கேட்டாலும் கிளம்பிவிடுவேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

ஐப்பசியில், நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம், ஸ்டேஷன் பக்கம் ஒரு பெரியவர் இறந்த வீட்டில் மாட்டிக்கொண்டேன். அவருடைய மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்களே இம்புட்டு அழல. எங்க அப்பா ஒனக்கு என்ன முறை?" என்று கேட்டாள்.

வட்டத்தில் அழுகை நின்றுவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

எனக்கு முன்னால் சேதி வீட்டுக்கும் மில்லுக்கும் போயிருந்தது. சாயங்காலம் மில்லில் ஷிப்டு முடிந்து வந்த என் கணவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"ஊரே சிரிக்குது. கண்டவன் வீட்டுல போயி எதுக்குட்டி அழுத?"

"நம்ம வீட்டுல அழ விட்டீயளா? நான் எங்கன போயி அழ?"

அதுவரை கேட்காததை அன்று கேட்டுவிட்டேன். அதைத் தாய் கேட்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

"பிள்ளைய எங்கன பொதச்சீய? அதையாவது சொல்லுங்க. அங்கன போயி அழுதுட்டு வாரேன்."

அவர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்தார்.

"ஓடைக்கரையில, ஒரு உடமரத்துக்குக் கீழ. வேலைக்குப் போகையில எல்லாம் சைக்கிள நிறுத்திப் பாத்துட்டுத்தான் போவேன். இந்த மழையில கரை சரிஞ்சு, மரத்தோட போயிருச்சு. தேடிக்கிட்டுத்தான் இருக்குதேன். கரிசல் மண்ணுல என்ன அடையாளம் தெரியும்? எடம் தெரியலட்டி."

சொல்லிவிட்டு அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அவரைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாமியார் கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீய அத்தை" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போய் உள்ளே வந்தாள். "என்னட்டி, யாருக்கு என்ன?" என்றாள்.

"எங்க பிள்ள செத்துப்போச்சு" என்றேன்.