வழுவழுப்பான செங்கல்

முள்ளிப்பட்டில் பஸ் பழுதாகி நிற்கிறது. தண்ணீர் கேட்டு ஒரு தறி வீட்டுக்குள் போகிறேன். சுவரில் கை வைத்தால் சுடுகிறது. நிறைமாதப் பெண் ஒருத்தி நெய்துகொண்டிருக்கிறாள். காற்றில் பட்டிழை கலையும் என்று மின்விசிறியைப் போடவில்லை.

"நைஸா சலிச்ச மண்ணுல சுட்ட கல்லுங்க. சொரசொரப்பா இருந்தா பட்டு மாட்டும்னு தேடி வாங்கினேன்," என்கிறார் நான் சுவரைத் தொட்டதைப் பார்த்த அவள் கணவர்.

மண் நைசானால் கல்லுக்குள் காற்றுத் துளைகள் குறையும், வெயிலின் சூடு சுலபமாக உள்ளே இறங்கும் என்று படித்ததைச் சொல்கிறேன்.

அவர் சுவரையே பார்க்கிறார். "அதான் நேத்து மயங்கி உழுந்தாளா? இப்போ இடிச்சா தறிய எங்கங்க போடுறது?"

"ஏங்க, பேசிகினு நின்னா சேலை முடியுமா? அவருக்கு ஜல்தி தண்ணியக் குடுங்க," என்கிறாள் அவள், தலை நிமிராமல்.

சுவரோரப் பிளாஸ்டிக் குடத்திலிருந்து மொண்டு தருகிறார். வெந்நீராக இருக்கிறது.